நாற்பத்தெட்டாவது தையல்

பகல் ஒன்றரை மணி. சாம்பல்தீவிலிருந்து திருகோணமலைக்கு வருகிற தெரு. ஆள் இல்லை… நாய் இல்லை… கச்சான் காற்று மட்டும் அனலாக வீசுகிறது. அந்தத் தெருவில் ஒரேயொரு மனிதர், எதிர்க்காற்றில் எழும்பி நின்று சைக்கிள் மிதித்துக்கொண்டு வருகிறார்…

ஏன் சிரிக்கிறீர்கள், ஸுஹைர்? பேய்க் கதை என்றால் நடுச்சாமமும் சுடலையும் வேண்டுமோ? இந்தக் கதையில் எல்லாம் பட்டப்பகலில்தான் நடந்தது. பக்கத்தில் மனிதர்கள் இருந்தார்கள். சோறு சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு இருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆள் ஏற்றி இறக்குகிற மிதவைப் பாதை அக்கரையில் நிற்கிறது. இந்த மழையில் விடியும் வரைக்கும் கிண்ணியாவுக்கு ஒருவரும் போகப்போவதில்லை. அன்ஸார், கடைத் தட்டியை இறக்கிவிட்டு லாம்பை நடுவில் வையுங்கள். எல்லோரும் கொஞ்சம் நெருங்கி இருங்கள்.

மேலுக்குப் போடச் சேட்டா? வேண்டாம் தம்பி. நனைந்தாலும் உடம்பில் சுற்றின இந்த ஒற்றைத் துப்பட்டி எனக்குப் போதும். வந்ததிலிருந்து “ஹாஜியார், ஹஜ்ஜுக்குப் போக இஹ்ராம் கட்டியிருக்கிறீங்களோ” என்று பகிடி பண்ணுகிறீர்கள். பண்ணுங்கள், பரவாயில்லை… சரி. இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள். குளிரும் விடுகிறதாக இல்லை. தாருங்கள், போட்டுக்கொள்கிறேன். நல்ல சேட்டு, புதுசு போல இருக்கிறது. பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

இது எனக்கு நடந்தது இல்லை. என் கூட்டாளி ஒருவரின் மாமாவுக்கு நடந்தது. பக்கீர் என்று பெயர். ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, உவர்மலையில் குலசிங்கம் என்று ஒரு மரக் கொந்தராத்துக்காரர் இருந்தார். அவருடைய காரை ஓட்டியவர்தான் இந்தப் பக்கீர்.

குலசிங்கத்துக்குப் புல்மோட்டைப் பக்கம் காடு வெட்ட அனுமதி வேண்டும். அனுமதி கொழும்பில் ஒரு பெரிய மனிதரின் கையில். அந்தப் பெரிய மனிதருக்கு மான் என்றால் ஆசை. சுவரில் கொழுவுகிற வெறும் தலை அவருக்குப் போதாது. முழு மானும் கொம்போடும் குளம்போடும் விறாந்தையில் நிற்க வேண்டுமாம். குலசிங்கம் காட்டுக்குப் போய் நல்ல கொம்பன் புள்ளிமான் ஒன்றைச் சுட்டுக்கொண்டு வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய மனிதர் வருகிறார் என்று கதை. அதற்குள் மான் எழும்பி நிற்க வேண்டும்.

தோலைப் பாடம் பண்ணத் தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான். தவராசா. வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யாட்டில் கப்பல் பாய் தைத்தவர். அங்கே வேட்டைப் பிரியரான ஒரு நேவித் துரையிடம் இந்த வேலையையும் பழகியிருந்தார். வெள்ளைக்காரன் போனான். தவராசாவின் வேலையும் அவனோடு கப்பல் ஏறிவிட்டது.

வயிற்றையும் கழுத்தையும் தைப்பது பெரிய காரியம் இல்லை. கால்தான் ஆளைக் கொல்லும். காலில் சதை கிடையாது. தோல் எலும்போடு ஒட்டி நிற்க வேண்டும். குளம்போடு இருக்கிற எலும்பில் இரும்புக் கம்பியைக் கட்டி, தும்பு சுற்றி, மூட்டுக்குக் களிமண் அப்பி, உப்பும் படிகாரமும் கரைத்த தண்ணீரில் ஊறின தோலை ஈரத்தோடு இழுத்து மூட வேண்டும். வெட்டு காலின் பின்பக்கத்தில் இருக்கும். குளம்படியில் தொடங்கி மேல்நோக்கித் தைத்துக்கொண்டு போவார். ஊசியை உள்ளேயிருந்து வெளியே குத்துவார். நூலுக்கடியில் மாட்டின மயிரை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். பிறகு இழுத்து இறுக்குவார். ஒரு தையலுக்கு ஒரு நிமிடம். ஒரு காலுக்குத் தொண்ணூற்றாறு தையல்.

தவராசாவுக்கு வாய்விட்டு எண்ணுகிற பழக்கம் இருந்தது. பாய் தைத்த காலத்துப் பழக்கம். பதினொன்று… பன்னிரண்டு… குலசிங்கத்தின் வீட்டு வளவில் இந்த வேலை நடந்த கொட்டிலுக்கு வெளியே நின்றாலும் கேட்கும்.

இன்னொன்று. கச்சான் காலத்தில் ஈரத்தோல் நின்று பிடிக்காது. ஈரச் சீலையால் ஒற்றி ஒற்றித்தான் தைக்க வேண்டும். தொடங்கின காலைப் பாதியில் விட்டு எழும்பினால் தோல் சுருங்கிப் போகும், இரண்டு விளிம்பும் பிறகு சேராது. அதனால் தவராசா ஒரு காலில் கை வைத்தால் முடிக்காமல் எழும்பமாட்டார்.

அவருடைய பெண்சாதி இராசமலர் அப்போது நிறைமாதம். கல்யாணம் முடித்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு வந்த பிள்ளை. அவளைச் சாம்பல்தீவில் விட்டுவிட்டு வரத் தவராசாவுக்கு மனம் இல்லை. குலசிங்கம்தான் சொன்னார்.

“என்ர கார் நிக்குது. பக்கீரும் நிக்கிறான். நோ எடுத்தால் ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பட்டும். உடன ஏத்திக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில விடுவான். நீர் யோசியாமல் இருந்து தையும்.”

அந்த வாக்கை நம்பித்தான் அவர் வந்து இருந்தார். இதை மறந்துவிடாதீர்கள்.

டிக்… என்ன திரும்பிப் பார்க்கிறீர்கள்? கூரை ஒழுகுகிறது. மழைத் தண்ணீர்தான்.

மூன்று கால் முடிந்தது. வெள்ளிக்கிழமை பகல் நாலாவது கால், பின் வலக்கால். தொடங்கிக் கொஞ்ச நேரம் இருக்கும். கேற்றடியில் சைக்கிள் மணி. டிறிங்… டிறிங். பக்கீர் ஓடிப்போனார். தவராசாவின் பக்கத்து வீட்டுத் தங்கரத்தினம் வேர்த்து வழிய நிற்கிறார். முதலில் சொன்னேனே, சைக்கிளில் வந்த மனிதர். அவர்தான்.

“பக்கீர்த் தம்பி, இராசமலருக்கு நோ எடுத்திட்டுது. இரத்தம் நிற்காமல் போகுது. மருத்துவிச்சி தன்னால ஏலாது எண்டு சொல்லிப்போட்டா. காரை எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“ஓம் அண்ணன். நீங்க முன்னுக்குப் போய்ச் சொல்லுங்க. இந்தா வாறன்.”

தங்கரத்தினம் அந்தச் சொல்லைக் கொண்டு திரும்பி மிதித்தார். கார் வருகிறது என்று இராசமலரிடம் போய்ச் சொன்னார்.

பக்கீர் கொட்டிலின் யன்னலடிக்கு ஓடினார். உள்ளே தவராசாவின் முதுகு தெரிகிறது. “ஏழு” என்று எண்ணினார். பக்கீர் வாயைத் திறக்கப் போனார். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்த குலசிங்கம் விரலை ஆட்டிக் கூப்பிட்டார். பக்கீர் போய் விசயத்தைச் சொன்னார்.

“இப்ப சொல்லாத. சொன்னால் எழும்பிப் போடுவான். தோல் காஞ்சு போயிடும். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருது. தலைப்பிள்ளை, பொழுதுபடும் மட்டும் இழுக்கும். கால் முடிஞ்ச உடன நானே சொல்லுறன்.”

“இரத்தம் போகுதாம் ஐயா.”

“பிள்ளை பெற இரத்தம் போகாமல் பின்னென்ன?”

பக்கீர் என்ன சொன்னார் தெரியுமா? “ஓம் ஐயா” என்றார். அவ்வளவுதான். கார்ச் சாவி அவருடைய சேட்டுப் பையில் இருந்தது. பத்து எட்டு நடந்தால் கார். தவராசாவிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். வேலை போயிருக்கும். போனால் போகட்டும், வேலைதானே. இதையெல்லாம் இருபது வருடத்துக்குப் பிறகு இருந்துகொண்டு நான் நன்றாகச் சொல்வேன். அன்றைக்கு அந்த மனிதர் யன்னலடியில் மரம் போல நின்றார். நின்றுகொண்டு, கெதியாகத் தையுங்கள் அண்ணன், கெதியாகத் தையுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினார். கோழைக்கு வேறு என்ன தெரியும்?

இருபது… இருபத்தொன்று…

காற்று ஓலைகளைப் பிய்க்கிறது. கொட்டிலுக்குள் ஈரத்தோல் மணம், படிகார மணம். முப்பத்தைந்து. நாற்பது.

“நாற்பத்தெட்டு” என்றார் தவராசா. அதோடு நின்றுவிட்டார். ஊசி கையில் அப்படியே நிற்கிறது. தலையைத் திருப்பி யன்னலைப் பார்த்தார்.

“தம்பி, என்னை ஆரும் கூப்பிட்டதோ?”

“இல்லை அண்ணன்.”

“பொம்பிளைக் குரல் போல கிடந்தது.”

“ஒருத்தரும் கூப்பிடல்ல.”

 பிறகு சீலையை நனைத்துத் தோலை ஒற்றினார். நாற்பத்தொன்பது என்று தொடர்ந்தார்.

தொண்ணூற்றாறு முடிந்து நூலை அறுத்த பிறகுதான் குலசிங்கம் எழும்பிவந்து சொன்னார். சொன்னதோடு ஒரு பொய்யும் சேர்த்தார். செய்தி வந்தவுடன் காரை எடுக்கப் பார்த்ததாம், கார் ஸ்டார்ட் வரவில்லையாம், இப்போதுதான் சரிவந்ததாம். தவராசா பக்கீரைப் பார்த்தார். பக்கீர் நிலத்தைப் பார்த்தார். கார் ஒரே திருப்பில் ஸ்டார்ட் வந்தது.

உவர்மலையிலிருந்து சாம்பல்தீவுக்குப் பதினைந்து நிமிடம். வளவுக்குள் திரும்பும்போதே ஒப்பாரி கேட்டது. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. பெண்கள் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முகம் மட்டும் தெருப்பக்கம் திரும்பியிருந்தது. எத்தனை தரம் நேராக்கினாலும் திரும்பியதாம்.

தங்கரத்தினத்தின் பெண்சாதி கமலாதேவி வாசலில் இருந்து அழுதுகொண்டு சொன்னாள். “தெருவில சத்தம் கேக்கிற நேரமெல்லாம் கார் வந்திட்டுதோ, கார் வந்திட்டுதோ எண்டு கேட்டவள்.”

அந்த வீட்டில் மணிக்கூடு கிடையாது. உயிர் எத்தனை மணிக்குப் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. செத்தவீட்டில் சொல்கிற ஆறுதலை எல்லோரும் சொன்னார்கள். கார் உடனே வந்திருந்தாலும் நேரம் கண்டிருக்காது, பாதி வழியில் போயிருப்பாள் என்றார்கள். அந்த ஒரு ஆறுதலைத்தான் பக்கீரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நேரம் காணாது… போயிருந்தாலும் நேரம் காணாது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அன்றிரவு கண்ணை மூடினார்.

வெள்ளிக்கிழமை பின்னேரமே கொழும்பிலிருந்து தந்தி வந்தது. பெரிய மனிதர் இரண்டு கிழமை பிந்தி வருகிறாராம்.

ஓம், அன்ஸார். இரண்டு கிழமை. நன்றாகக் கேளுங்கள்.

அடுத்த நாள் சனிக்கிழமை பின்னேரம், பக்கீர் கொட்டிலைப் பூட்டப் போனார். பின் வலக்கால் திறந்து கிடந்தது. தோல் இரண்டு பக்கமும் விரிந்து, உள்ளே தும்பு தெரிகிறது. நூல் அறவில்லை. ஒரு முறிவும் இல்லாமல் முழுசாகக் கீழே சுருண்டு கிடக்கிறது. காலுக்கடியில் தண்ணீர். சுற்றிவர எல்லாம் காய்ந்து வெடிக்கிற கச்சானில், அந்த ஒரு கால் மட்டும் நனைந்து சொட்டுகிறது. மணமும் வேறு. தோல் மணம் இல்லை. வெந்நீரும் இரத்தமும் கலந்த, பிள்ளை பிறக்கிற அறையின் மணம்.

குலசிங்கத்துக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே. காடாற்று முடிந்த மறுநாளே பக்கீரை அனுப்பித் தவராசாவைக் கூப்பிட்டார். வரமாட்டார் என்றுதான் பக்கீர் நினைத்தார். வந்தார். தான் தைத்த தையல் திறந்தது என்று கேட்டால் அவரால் வீட்டில் இருக்க முடியாது.  வாய்விட்டு எண்ணவில்லை. விரிந்த இடத்தைத் திரும்ப நனைத்துத் தைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் அது திரும்பவும் திறந்தது. அதே இடம் வரைக்கும். அன்று பின்னேரமே இன்னொரு தரம் தைத்து மூடினார்.

மூன்றாம் நாள் தவராசா ஊசியை எடுக்கவில்லை. மானுக்குப் பின்னால் ஒரு வாங்கைப் போட்டு இருந்தார். பக்கீரையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார். குலசிங்கம் உள்ளே பகல் நித்திரை. குறட்டை கேட்கிறது.

இரண்டரைக்கு நாலு நிமிடம் இருக்க…

டிக்.

மேலே, தொடையடியில், கடைசித் தையல். நூல் தன்பாட்டில் துளையை விட்டுக் கழன்றது. டிக்… அடுத்தது. டிக்… அதற்கு அடுத்தது. ஒருவரும் தொடவில்லை. யாரோ பொறுமையாக இருந்து, ஒவ்வொன்றாகப் பிரிக்கிறது போல. நூல் இறங்கி இறங்கி நிலத்தில் விழுகிறது. தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அந்த மணம் எழும்பியது. பக்கீருக்கு எழும்பி ஓட வேண்டும். வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

ஒரு இடத்தில் நின்றது. அதற்குக் கீழே குளம்பு வரைக்கும் தையல் இறுக்கமாக இருந்தது.

தவராசா குனிந்து, குளம்பிலிருந்து மேலே ஒவ்வொரு தையலாக விரலால் தொட்டு எண்ணினார். இந்தத் தரம் வாய்விட்டு எண்ணினார். நாற்பத்தெட்டு.

“இதுவரைக்கும் அவள் இருந்தாள்” என்றார்.

பிறகு பக்கீரைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. கோபித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“தம்பி, அண்டைக்குச் சைக்கிள் மணி கேட்டது. கார் ஸ்டார்ட் பண்ணுற சத்தம் எனக்குக் கேக்கயில்லை. மணி கேட்டு நீங்கள் யன்னலடிக்கு வரேக்க நான் எத்தினையில நிண்டனான்?”

“ஏழு” என்று சொன்னேன்.

சொன்னார். பக்கீர் சொன்னார்.

தவராசா மண்ணில் விரலால் ஒன்றும் எழுதவில்லை, கணக்கு அவர் முகத்திலேயே ஓடியது. ஏழிலிருந்து நாற்பத்தெட்டு. நாற்பத்தொரு தையல். நாற்பத்தொரு நிமிடம்.

“போகப் பதினைஞ்சு” என்றார். “ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரப் பதினைஞ்சு. முப்பது.”

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. பதினொன்று. பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது. ஆறுதல் என்று பிடித்துக்கொண்டிருந்தது எல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

ஊசியைத் தள்ள உள்ளங்கையில் கட்டியிருந்த தோலைக் கழற்றி வாங்கில் வைத்தார். ஊசியைப் பக்கீரின் சேட்டுக் கழுத்தில் குத்தினார், தையற்காரர் வேலை முடிந்தால் குத்தி வைக்கிறது போல.

“இனி நீங்கள் வைச்சிருங்கோ” என்றார். சாபம் போடவில்லை. சத்தம் போடவில்லை. அந்த வெயிலில் நடந்து போய்விட்டார். பிறகு புல்மோட்டையில் மணல் சாக்குத் தைக்கிறார் என்று கேள்வி. அங்கே எண்ணாமல் தைக்கிறாராம்.

குலசிங்கத்துக்கு என்ன நடந்தது என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? ஒன்றும் நடக்கவில்லை. பின்காலை மறைக்கப் புல்லும் பற்றையும் செய்து வைத்தார். பெரிய மனிதர் வந்தார், மானின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். காட்டு அனுமதி கிடைத்தது. குலசிங்கம் எழுபத்தாறு வயது வரைக்கும் இருந்து, நித்திரையில் நோகாமல் போனார். போட்டிருந்த பெனியனில் ஒரு நூல் பிரியவில்லை. பேய்க்கும் ஆள் பார்த்துத்தான் பிடிக்கத் தெரியும் போல. பெரிய வீட்டு விறாந்தையில் ஏறப் பயம், டிரைவரின் குடிசைக்கு மட்டும் வழி தெரியும்.

ஓம். அது பக்கீரிடம்தான் வந்தது. முதலில் அந்த ஊசி குத்தின சேட்டு. கக்கத்தடியில் தையல் விட்டது. தைத்தார். திரும்ப விட்டது. பிறகு மற்றச் சேட்டு. பிறகு சாரத்தின் மூட்டு. பெருநாளைக்கு எடுத்த புது உடுப்பு, பள்ளியில் தொழுகைக்கு நிற்கும்போது மேலேயிருந்து கீழே கழன்றது, பின்சஃபில், பின்வரிசையில், நின்றவர்கள் பார்த்தார்கள். கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டார். பெண்சாதி ஜெமீலா ராவும் பகலும் தைத்துப் பார்த்தாள், ஓதிப் பார்த்தாள், கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குறிஞ்சாக்கேணியில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஈரமும் அந்த மணமும் வீட்டுக்குள் இருந்தால் எந்தப் பெண் இருப்பாள்? அவளில் பிழை இல்லை.

மௌத்தானால் அடக்கும்போது உடுத்துகிற கபனுக்குத் தையல் கிடையாது. அந்த ஒரு உடுப்பைப் பற்றித்தான் பக்கீருக்குக் கவலை இல்லை.

கதை முடிந்தது. அன்ஸார், தேத்தண்ணீர் இருந்தால் ஊற்றுங்கள்.

என்ன எல்லோரும் கூரையைப் பார்க்கிறீர்கள்? மழை விட்டுவிட்டது. நான் தங்கரத்தினத்தைப் பற்றிச் சொல்லும்போதே விட்டுவிட்டது. நீங்கள் கவனிக்கவில்லை.

இவ்வளவு நேரமும் டிக் டிக் என்று கேட்டது என்ன என்று கேட்காதீர்கள், ஸுஹைர். லாம்பை இஞ்சால கொண்டு வாருங்கள். நான் கையைத் தூக்குகிறேன். கக்கத்தடியில் தொட்டுப் பாருங்கள். துணி பழுதில்லை… நூலும் அறவில்லை, முழுசாகத் தொங்குகிறது. பயப்படாதீர்கள், அது வெறும் ஈரம்தான். வேண்டாம் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். நல்ல சேட்டு.

கீழ் விளிம்பில் இன்னும் கொஞ்சம் மூடியிருக்கும். எத்தனை என்று எனக்குத் தெரியும். நம்பிக்கை இல்லையென்றால் நீங்கள் எண்ணிப் பாருங்கள். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணலாம்…

வாய்விட்டு மட்டும் எண்ணாதீர்கள், தம்பி. அதை என்னால் கேட்க ஏலாது.